அயன்கள் எங்கே போய் இருக்கின்றன? சிரட்டைக்கரிக்குள் 170 வருடத் தேடல்

(கொஞ்சம் நீண்ட பதிவு. வீட்டில் உயர்தரத்தில் பௌதிகவியலோ இரசாயனவியலோ படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் காட்டுங்கள்.)

நாம் ஒவ்வொரு நாளும் போனுக்கு சார்ஜ் போடுகிறோம். ஒரு மணித்தியாலமாவது காத்திருக்கிறோம். இரண்டு மூன்று வருடம் போனதும் பற்றரி பழுது என்று கடைக்குக் கொண்டு போகிறோம். ஆனால் சில செக்கன்களில் மின்னை நிரப்பிக்கொள்ளும், இலட்சக்கணக்கான தடவைகள் நிரப்பி வெறுமையாக்கினாலும் பெரிதாகக் களைத்துப் போகாத ஒரு பொருளும் உலகத்தில் இருக்கிறது. கடைகளில் அதை சுப்பர் கெப்பாசிட்டர் என்பார்கள். பாடப்புத்தகத் தமிழில் சொன்னால் மீக்கொள்ளளவி. வாகனக் கண்ணாடியில் பூட்டும் டேஷ் கெமராக்கள் சிலவற்றில், பற்றரிக்குப் பதிலாக இதுதான் இருக்கிறது. வெயிலில் நிற்கும் வாகனத்தின் சூட்டை பற்றரியை விட இது நன்றாகத் தாங்கும்.

இந்தப் பொருளின் வரலாற்றில் நமக்குப் பிடித்த ஒரு விசயம் உண்டு. மனிதர்கள் இதைச் செய்தார்கள், ஆக்கவுரிமை எடுத்தார்கள், விற்றார்கள். ஆனால் உள்ளே ஏற்றம் எங்கே, எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கான பதில் மட்டும் திரும்பத் திரும்ப மாறிக்கொண்டே வந்தது. 2024 இலும் ஒரு முறை மாறியது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

ஏற்றத்தைப் பிடித்து வைக்கும் முதல் பாத்திரம் ஒரு சாதாரண கண்ணாடிப் போத்தல். 1745 இல் ஜேர்மன் பாதிரியார் எவால்ட் வொன் கிளைஸ்ற்றும், 1746 இல் ஒல்லாந்தின் லெய்டன் நகரப் பேராசிரியர் பீற்றர் வான் மூசன்புறூக்கும் தனித்தனியே இதைக் கண்டார்கள். தண்ணீர் நிரப்பிய போத்தலுக்குள் உராய்வு மின்னைச் செலுத்திவிட்டுத் தொட்டபோது, ஆளையே உலுக்கும் அதிர்ச்சி கிடைத்தது. அந்த நகரத்தின் பெயரால் அது லெய்டன் சாடி ஆயிற்று.

அப்போதே கேள்வியும் பிறந்தது. மின் எங்கே இருக்கிறது? தண்ணீரிலா, கண்ணாடியிலா? பெஞ்சமின் பிராங்கிளின் சாடியின் தண்ணீரை இன்னொரு போத்தலுக்குள் ஊற்றிப் பார்த்தார். புதிய போத்தலில் அதிர்ச்சி இல்லை. பழைய போத்தலில் வேறு தண்ணீரை ஊற்றினார். அதிர்ச்சி வந்தது. ஆகவே ஏற்றம் கண்ணாடியில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தார். பரிசோதனை அழகானது, முடிவு முழுமையானதல்ல. ஏற்றம் கடத்திகளில்தான் சேர்கிறது, சாடியைப் பிரிக்கும்போது அது கண்ணாடியின் மேற்பரப்புக்குத் தாவிவிடுகிறது என்பது 20 ஆம் நூற்றாண்டில்தான் தெளிவானது.

உயர்தர மாணவர்களுக்குத் தெரிந்த விதி ஒன்றை இங்கே நினைவூட்டுவோம். தட்டுகளின் பரப்பளவு கூடினால் கொள்ளளவம் கூடும். தட்டுகளுக்கு இடையிலான தூரம் குறைந்தாலும் கொள்ளளவம் கூடும். லெய்டன் சாடியில் பரப்பு ஒரு போத்தல் அளவு, தூரம் கண்ணாடியின் தடிப்பு. அதனால்தான் அது சேமிப்பது மிகக் கொஞ்சம். கொள்ளளவத்தின் அலகு பரட். நமது பூமியையே ஒரு தனிக் கோளக் கடத்தியாக எடுத்துக் கணக்குப் போட்டால் அதன் கொள்ளளவம் ஏறத்தாழ 0.0007 பரட்தான். பிள்ளைகள் ஆரையைப் போட்டுத் தாங்களே கணித்துப் பார்க்கலாம். இன்று சட்டைப் பொத்தான் அளவிலான மீக்கொள்ளளவி ஒன்று 1 பரட் வைத்திருக்கிறது. பூமியைப் போல 1,400 கோளங்களின் அளவு! அது எப்படிச் சாத்தியமானது?

விடையின் முதல் துண்டு மின்சாரக் கடையிலிருந்து வரவில்லை, தசையிலிருந்து வந்தது. ஹேர்மன் வொன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஒரு வைத்தியர், உடற்றொழிலியல் ஆசிரியர். விலங்குகளின் தசைகளில் ஓடும் மின்னை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1853 இல் அவர் எழுதிய கட்டுரையில், இரண்டு பொருள்கள் தொடும் எல்லையில் நேர் ஏற்றம் ஒரு பக்கமும் மறை ஏற்றம் மறுபக்கமுமாக எதிரெதிரே நிற்கும் ஒரு மெல்லிய அமைப்பு உண்டு என்றார். 1879 இல் அதை விரிவாகக் கணித்தார். இதுதான் மின் இரட்டைப் படை. உலோகத்தை உப்புக் கரைசலில் அமிழ்த்தினால், உலோகத்தின் மேற்பரப்பில் ஒரு வகை ஏற்றம், அதை ஒட்டிக் கரைசலில் எதிர் ஏற்றமுள்ள அயன்கள். இடையில் கண்ணாடி இல்லை, காற்றும் இல்லை. ஒரு மூலக்கூறின் அளவு இடைவெளி மட்டும்தான். லெய்டன் சாடியில் மில்லிமீற்றராக இருந்த தூரம் இங்கே ஒரு நனோமீற்றரிலும் குறைவு. அதாவது, மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கிலும் குறைவு.

அயன் என்ற சொல்லை 1834 இல் பரடே அறிமுகப்படுத்தியிருந்தார். செல்வது, போவது என்ற பொருள்படும் கிரேக்கச் சொல் அது. ஆனால் உப்பு தண்ணீரில் கரைந்ததுமே, மின் செலுத்தாமலே, அயன்களாகப் பிரிந்துவிடுகிறது என்று சொன்னவர் சுவீடனின் ஸ்வான்டே அரீனியஸ். 1884 இல் தன் கலாநிதிப் பட்ட ஆய்வை உப்சாலா பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தபோது அவருக்குக் கிடைத்தது மிகக் குறைந்த தரச் சித்தி. அதே வேலையின் தொடர்ச்சிக்கு 1903 இல் இரசாயன நோபல் பரிசு கிடைத்தது. பரீட்சைப் பெறுபேறு கையில் வைத்துக்கொண்டு அழும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

ஹெல்ம்ஹோல்ட்ஸ் அயன்களை அணிவகுத்து நிற்கும் பிள்ளைகளைப் போல ஒரே வரிசையில் நிறுத்தினார். ஆனால் கரைசலுக்கு வெப்பம் இருக்கிறது. வெப்பம் இருந்தால் எதுவும் அசையாமல் நிற்காது. பிரான்சின் லூயி ஜோர்ஜ் கூயி 1910 இலும், இங்கிலாந்தின் டேவிட் சப்மன் 1913 இலும் இதைக் கணக்கில் எடுத்தார்கள். மழைக்காலத்தில் விளக்கைச் சுற்றும் ஈசலை நினைத்துக்கொள்ளுங்கள். விளக்குக்குப் பக்கத்தில் நெருக்கம், தூரம் போகப் போக ஐதாகும். அயன்களும் அப்படித்தான் என்றார்கள். அவர்களின் கணக்கில் ஒரு குறை இருந்தது. அயன்களுக்குப் பருமனே இல்லை என்று எடுத்துக்கொண்டதால், மேற்பரப்பில் நம்ப முடியாத அளவு அயன்கள் குவிந்தன. 1924 இல் ஒட்டோ ஸ்டேர்ன் இரண்டு படங்களையும் சேர்த்தார். சுவரை ஒட்டி ஒரு நெருக்கமான படை, அதற்கு வெளியே ஈசல் கூட்டம். பல்கலைக்கழக இரசாயனப் புத்தகங்களில் இன்றும் காணும் படம் இதுதான்.

இதுவரை எல்லாம் தாளில்தான். பொருளாகச் செய்தவர்கள் வேறு ஆட்கள், வேறு நோக்கம். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை செய்த ஹவார்ட் பெக்கர், நுண்துளைகள் நிறைந்த காபனை மின்வாயாக வைத்து ஒரு கொள்ளளவி செய்து 1954 இல் விண்ணப்பித்தார். 1957 இல் ஆக்கவுரிமை கிடைத்தது. கொள்ளளவம் மிகப் பெரிதாக இருந்தது. ஆனால் சேமிப்பு நடக்கும்போது உள்ளே சரியாக என்ன நிகழ்கிறது என்பது தெரியவில்லை என்று அந்த ஆவணத்திலேயே நேர்மையாக எழுதி வைத்தார். ஹெல்ம்ஹோல்ட்ஸின் இரட்டைப் படை அப்போது நூறு வருடப் பழைய செய்தி. தாளில் இருந்த அறிவும் மேசையில் இருந்த பொருளும் இன்னும் சந்திக்கவில்லை.

அடுத்து வந்தது ஒஹாயோ ஸ்டான்டர்ட் ஒயில் என்ற எண்ணெய் நிறுவனம். எரிபொருட்கலங்களை ஆராய்ந்த அவர்களின் ஆட்கள் 1966 இல் ஓர் ஆக்கவுரிமை பெற்றார்கள். 1970 இல் டொனால்ட் பூஸ் அதைச் சீராக்கினார். ஆனால் எண்ணெய்க் கொம்பனிக்கு இதை விற்க மனம் வரவில்லை. உரிமத்தை ஜப்பானின் என்.ஈ.சி. நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டது. 1978 இல் என்.ஈ.சி. அதை சுப்பர் கெப்பாசிட்டர் என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. கரண்ட் போனால் கணினியின் நினைவு அழியாமல் காப்பாற்றுவதுதான் அதன் முதல் வேலை.

இப்போது உள்ளே திறந்து பார்ப்போம். மெல்லிய அலுமினியத் தாளில் பூசிய காபன் மின்வாய்கள் இரண்டு. இடையில் ஒன்றையொன்று தொடாமல் தடுக்கும், ஆனால் அயன்களை விடும் ஒரு மெல்லிய பிரிப்பான். எல்லாம் மின்பகுபொருளில் ஊறியிருக்கும். வோல்ற்றளவைக் கொடுத்ததும் இலத்திரன்கள் வெளிக் கம்பி வழியாக ஒரு காபனிலிருந்து மற்றதுக்குப் போகின்றன. இலத்திரன் கூடிய பக்கத்தில் நேர் அயன்கள் சேர்கின்றன. குறைந்த பக்கத்தில் மறை அயன்கள் சேர்கின்றன. அவ்வளவுதான். பற்றரியில் நடப்பது போல இரசாயனத் தாக்கம் எதுவும் இங்கே தேவையில்லை. பொருள் வேறு பொருளாக மாறுவதில்லை. அதனால்தான் வேகம், அதனால்தான் நீண்ட ஆயுள்.

தூரம் குறைந்த கதையைச் சொன்னோம். பரப்பளவு எங்கிருந்து வந்தது? உயிர்ப்பூட்டிய காபனிலிருந்து. இதன் ஒரு கிராமுக்குள் இருக்கும் நுண்துளைச் சுவர்களையெல்லாம் விரித்தால் 1,500 சதுர மீற்றர் அளவில் வரும். மூன்று வலைப்பந்துத் திடல்கள், ஒரு சிட்டிகைக் கரித்தூளுக்குள்!

இந்தக் காபனுக்கு உலகம் தேடும் மூலப்பொருள்களில் ஒன்று தேங்காய்ச் சிரட்டை. கடினமானது, சாம்பல் குறைவு, நுண்துளைகள் மிகச் சிறியதாக அமையும். சிரட்டையைக் கரியாக்கி, 800 பாகைக்கு மேல் சூட்டில் நீராவி செலுத்தினால் துளைகள் திறக்கும். நம் மூத்தம்மாமார் சிரட்டைக்கரி போட்டுத்தான் உடுப்பு அயன் பண்ணினார்கள். அந்த அயன் வேறு, இந்த அயன் வேறு. ஆனால் கரி ஒன்றுதான். புத்தளம், குருணாகல் பக்கம் சிரட்டை சுடும் புகையைத் தெரியாதவர் யார்? 1973 இல் இங்கே தொடங்கிய ஹேகாப் நிறுவனம், சிரட்டையிலிருந்து உயிர்ப்பூட்டிய காபன் செய்வதில் உலகின் முன்னணி நிறுவனங்களில் ஒன்று. அதே காபனை மீக்கொள்ளளவிக்கு ஏற்றபடி செய்ய, சாம்பலையும் உலோக மாசுகளையும் கழுவி நீக்க வேண்டும், துளையின் அளவைக் கட்டுப்படுத்த வேண்டும். சாதாரணக் கரிக்கும் மின்வாய்க் காபனுக்கும் இடையில் இருப்பது பெரும்பாலும் இந்த அறிவுதான்.

இடையில் இன்னொரு வழியும் வந்தது. 1970 களில் கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழகத்தில் பிரையன் கொன்வே ரூத்தேனியம் ஒட்சைட்டை ஆராய்ந்தார். அங்கே அயன்கள் சுவரில் ஒட்டி நிற்பதோடு விடுவதில்லை. மேற்பரப்பில் இலத்திரனைக் கொடுத்து வாங்கும் விரைவான தாக்கமும் நடக்கிறது. ஆனால் வெளியே அளந்தால் கொள்ளளவி போலவே தெரியும். இதைப் போலிக் கொள்ளளவம் என்கிறார்கள். சேமிப்புக் கூடும், ரூத்தேனியத்தின் விலையும் கூட. பற்றரிக்கும் கொள்ளளவிக்கும் இடையில் நேர்கோடு போட முடியாது என்பதைக் காட்டியது அந்த வேலை.

இனித்தான் கதையின் திருப்பம். கரைசலில் ஒவ்வொரு அயனும் தனியாக இருப்பதில்லை, கரைப்பான் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்திருக்கும். ஆகவே அந்தக் கூட்டத்தை விடச் சிறிய துளைகளால் பயனில்லை என்று எல்லோரும் நம்பினார்கள். 2006 இல் பிலடெல்பியாவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் யூரி கொகோட்சியின் குழுவும், பிரான்சின் துலூஸில் பற்றிஸ் சிமோனின் குழுவும் சேர்ந்து ஒரு முடிவை வெளியிட்டன. தைத்தேனியம் காபைட்டிலிருந்து துளையின் அளவைத் தாங்கள் விரும்பியபடி மாற்றக்கூடிய காபனைச் செய்து அளந்தார்கள். துளை ஒரு நனோமீற்றரிலும் சிறிதானபோது கொள்ளளவம் குறையவில்லை. கூடியது!

எப்படி? கல்யாண வீட்டில் மாப்பிள்ளை தோழர்கள் சூழ வருகிறார். வாசல் ஒடுக்கம். கூட்டத்தோடு நுழைய முடியாது, ஆகவே தோழர்களை வெளியே விட்டுத் தனியே நுழைகிறார். அயனும் கரைப்பான் மூலக்கூறுகளைக் கழற்றிவிட்டு உள்ளே போகிறது. கழற்றியபின் சுவருக்கு இன்னும் கிட்டப் போகலாம். தூரம் குறைந்தால் கொள்ளளவம் கூடும். நாம் படித்த அதே விதி!

அடுத்த திருத்தம் கேம்பிரிட்ஜிலிருந்து வந்தது. ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்கு அடிப்படையாக உள்ள கருக் காந்தப் பரிவு முறையால், கிளேயார் கிரேயின் குழு வேலை செய்துகொண்டிருக்கும் மீக்கொள்ளளவிக்குள்ளேயே அயன்களை எண்ணியது. 2015 இல் வெளிவந்த அவர்களின் ஆய்வில் பயன்பட்ட காபனும் தேங்காய்ச் சிரட்டையிலிருந்து வந்த வகைதான். அவர்கள் கண்டது இதுதான்: வோல்ற்றளவு கொடுக்கும் முன்பே துளைகளுக்குள் இரண்டு வகை அயன்களும் நிறைந்திருக்கின்றன. நாம் கரும்பலகையில் வரையும் படத்தில் பஸ் வெறுமையாக நிற்கும், ஆட்கள் ஏறுவார்கள். உண்மையில் அது காலை நேரத்து இ.போ.ச. பஸ். ஏற்கனவே நிறைந்திருக்கிறது. சிலர் ஏறலாம், சிலர் இறங்கலாம், ஒருவர் இறங்க இன்னொருவர் ஏறலாம். அவர்கள் ஆராய்ந்த கரைசலில், மறை மின்வாயில் பெரும்பாலும் நேர் அயன்கள் ஏறின. நேர் மின்வாயில் நேர் அயன்கள் இறங்க மறை அயன்கள் ஏறின. ஒரே பொருளின் இரண்டு பக்கங்களில் இரண்டு விதம்.

அதோடும் முடியவில்லை. 2024 இல் அதே கேம்பிரிட்ஜில் அலெக்சாண்டர் போர்ஸின் குழு, சந்தையில் கிடைக்கும் பல காபன்களை ஒப்பிட்டது. துளையின் அளவுக்கும் சேமிப்புக்கும் அங்கே தெளிவான தொடர்பு தெரியவில்லை. எந்தக் காபனின் அமைப்பு அதிகம் ஒழுங்கற்றுக் குலைந்திருந்ததோ அதுவே அதிக ஏற்றத்தை வைத்திருந்தது. துளையைச் சிறிதாக்கினால் போதும் என்று 2006 முதல் பலர் ஓடிய பாதைக்கு இது ஒரு கேள்விக்குறி. ஒழுங்கின்மை அயன்களுக்கு என்ன செய்து கொடுக்கிறது என்பதுதான் இன்றைய ஆய்வுகூடங்களின் வேலை.

பயன் என்ன என்று கேட்பீர்கள். ஷங்ஹாயில் 2006 இல் தொடங்கிய மீக்கொள்ளளவி பஸ்கள், தரிப்பிடத்தில் ஆட்கள் ஏறி இறங்கும் நேரத்தில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஓடின. எயார்பஸ் ஏ380 விமானத்தின் அவசரக் கதவுகளிலும் இது இருக்கிறது. பேராதனையில் படித்து நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியரான நமது நாட்டவர் நிஹால் குலரத்ன, மின்கம்பியில் திடீரென ஏறும் வோல்ற்றளவை உறிஞ்சி வீட்டுச் சாதனங்களைக் காப்பாற்ற இதைப் பயன்படுத்தும் வழியை உருவாக்கினார்.

ஆனால் இது பற்றரியை ஒழித்துவிடும் என்று பரவும் வீடியோக்களை நம்பிவிட வேண்டாம். 3,000 பரட், 2.7 வோல்ற் கலம் ஒன்று அரைக் கிலோ பாரம். பிள்ளைகள் சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 11,000 யூல், அதாவது 3 வற்று மணித்தியாலம். கையிலிருக்கும் போன் பற்றரி ஏறத்தாழ 15 வற்று மணித்தியாலம் வைத்திருக்கிறது, நூறு கிராமும் வராது. அயன்கள் சுவரில் மட்டும் நிற்பதால் வேகம் உண்டு, கொள்ளும் அளவு குறைவு. பற்றரியில் அயன்கள் பொருளின் உள்ளேயே போய்த் தங்குவதால் அளவு உண்டு, வேகமும் ஆயுளும் குறைவு. ஒன்று ஓட்டக்காரன், மற்றது சுமைகாரன். வேலைக்கு இரண்டும் தேவை.

நாங்கள் ஆசிரியர்கள் கரும்பலகையில் இரண்டு கோடும் சில கூட்டல் கழித்தல் அடையாளங்களும் போட்டு "இதுதான் கொள்ளளவி" என்று முடித்துவிடுகிறோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் பிராங்கிளின், ஹெல்ம்ஹோல்ட்ஸ், கூயி, ஸ்டேர்ன் ஒவ்வொருவரும் தங்கள் காலத்தில் சரியான ஒன்றைச் சொன்னார்கள், பின்னால் வந்தவர் அதில் ஒரு குறையைக் கண்டார். முன்னவர் சொன்னதைக் கவனமாகப் படித்தவர்களால்தான் அந்தக் குறையைக் காண முடிந்தது. புத்தகத்தை மனப்பாடம் செய்துவிட்டு மூடி வைத்திருந்தால் 1853 ஓடு கதை முடிந்திருக்கும்.

ஆகவே பிள்ளைகள் "சேர், அந்த அயன் உள்ளே போனா அதுக்கு முன்னுக்கு அங்க என்ன இருந்த?" என்று கேட்டால், "பரீட்சைக்கு வராது, இரி" என்று சொல்லாமல் இருப்போம். கேம்பிரிட்ஜில் காந்தம் வைத்துத் தேடியது அந்தக் கேள்வியைத்தான். கரியும் நம்மிடம் இருக்கிறது. கேள்வி கேட்கும் பிள்ளைகளும் நம்மிடம் இருக்கிறார்கள்.